திரும்பிப் போகச் சொன்ன பக்கம்

தண்ணி சார் என்று கேட்டால்தான் அந்த ஊரில் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். வெளியூர்க்காரர்கள் இந்தப் பட்டத்தைக் கேட்டுவிட்டு ஒரு தினுசாகச் சிரிப்பார்கள். பாவம், மனுஷன் ஆயுசில் சோடாவுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவர் உதவியாளர். பின்சீட்டில் பெட்டி கட்டிய பழைய ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போய்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் அடைத்து, அடையாளச் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்து சோதிப்பார். தலை நிறையக் கறுத்த முடி இருந்த காலத்தில் தொடங்கிய வேலை. முடிதான் போனது, ஸ்கூட்டரும் வேலையும் அப்படியே இருந்தன.

கூடத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தத் தண்ணீரையும் ஒரு தடவை மட்டும் சோதித்துவிட்டு எண்ணை எழுத மாட்டார். மறுபடியும் சோதிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பார். "கண்ணால பார்க்காததைக் கையால எழுதக் கூடாது" என்பார். வீட்டிலும் இந்தப் புத்தி விடவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டால் பதில் உடனே வராது. இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வரும். "உங்களுக்குக் கழுத்தை நீட்டினதுக்கு ஒரு தராசுக்கு நீட்டியிருக்கலாம்" என்று அந்த அம்மாள் சிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் உப்பைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

உறவென்று மிச்சமிருந்தது ஒரு தம்பி. அதே ஊர்தான், வயலை ஒட்டிய கடைசித் தெருவில் மாடி வீடு. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கும் காரணம் தண்ணீர்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் தம்பி வீட்டுக் கிணற்றில் நைட்ரேட் அளவுக்கு மீறிப் போயிருந்தது. வயலில் போடுகிற உரம் மழையில் கரைந்து கிணற்றுக்குள் இறங்கும். பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அதுதான் எமன். ரத்தத்தில் கலந்து மூச்சுக்காற்றைத் தடுத்துவிடும், உதடெல்லாம் நீலம் பாரித்துவிடும். அப்போதெல்லாம் முடிவை ஒரு தாளில் எழுதி வாசல் கேட்டில் ஒட்டுவது வழக்கம். தண்ணி சார் தம்பி வீட்டு கேட்டிலும் ஒட்டினார், பசை காயும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. மாடிக்குக் குடிவர இருந்த குடும்பம் அதைப் படித்துவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

"ஊர் சிரிக்கிற மாதிரி சொந்தத் தம்பி வாசல்லயே ஒட்டிட்டியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று தம்பி தெருவில் நின்று கத்தினார். தண்ணி சாருக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. "ரெண்டு தடவை சோதிச்சேன்டா" என்றார். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. தம்பி தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். தலைமை அலுவலகம் ஒரு உத்தரவு போட்டது: இனி யார் வாசலிலும் முடிவை எழுதி ஒட்டக் கூடாது, எந்தத் தாளிலும் எழுதித் தரக் கூடாது, எல்லா முடிவும் கூடத்தின் இணையப் பக்கத்தில் மட்டுமே வரவேண்டும்.

மௌஸைப் பிடிக்கவே கூச்சப்பட்ட மனுஷன் அந்தப் பக்கத்தை நடத்தக் கற்றுக்கொண்டார். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. படம் கிடையாது, ஆடுவது ஓடுவது கிடையாது. தெருவின் பெயர், தேதி, எண்கள், கடைசியில் யாருக்கும் புரிகிற மாதிரி ஒரு வரி. 'குடிக்கலாம்' என்றோ, 'பெரியவர்கள் குடிக்கலாம், கைக்குழந்தைக்குக் கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது' என்றோ இருக்கும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். நைட்ரேட் விஷயத்தில் அது நேர்மாறு. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சுகிற தண்ணீரில் நைட்ரேட்தான் கூடும். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி எண்களெல்லாம் என்று தண்ணி சார் சொல்வார்.

மனைவி இறந்த அன்று தம்பி வந்தார், தள்ளி நின்றார், ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஆனால் தம்பி மகள் அருகில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, நான் தினமும் உங்க பக்கத்தைப் பார்க்கிறேன். எங்க தெரு வரியைப் படிச்சா நீங்க பேசுற மாதிரியே இருக்கு" என்றாள். அத்தனை கூட்டத்திலும் அவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அன்றிலிருந்து பக்கத்தில் ஏற்றும்போது கடைசித் தெருவின் வரியைத்தான் முதலில் தட்டுவார். சில வருஷமாக மழை லேசு, அந்த வரி 'குடிக்கலாம்' என்றே இருந்து வந்தது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, கணவனுக்கு வெளியூர் வேலை என்பதால் அப்பா வீட்டிலேயே இருந்தாள். குழந்தை பிறந்த சேதி தண்ணி சாருக்குப் பால் பூத் அக்கா மூலமாகத்தான் தெரிந்தது. தாய்ப்பால் போதாமல் டின் பால்மாவு வாங்கிப் போகிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போகும்போது தம்பி வீட்டு மாடிக் கொடியில் கையளவு சட்டைகள் காய்வதைப் பார்ப்பார். ஸ்கூட்டர் தானாக மெதுவாகிவிடும். கேட்டுக்குள் மட்டும் போனதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் அவர் ஊர்க்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தார். எந்தப் புண்ணியவானோ அனுப்பிய எதையோ அழுத்தி நாலைந்து பேர் ஏமாந்து நின்றபோது தொடங்கிய வகுப்பு அது. பாடமெல்லாம் யாருக்கு நினைவிருந்ததோ, ஒன்று மட்டும் எல்லார் மண்டையிலும் ஏறியிருந்தது. திரை சிவப்பானால் கையை எடு, வந்த வழியே திரும்பிப் போ. 'பயப்படாதீங்க, நம்ம இடம்தான், உள்ள வாங்க' என்று யார் சொன்னாலும் அவன்தான் திருடன். பால் பூத் அக்கா அந்த வகுப்பில் படித்தவள். தம்பி மகளும் பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது, அப்பாவுக்குத் தெரியாமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்தான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு ரெண்டு மாதம் முன்னால் ஒரு காலையில் தண்ணி சார் வழக்கம்போல் கூடத்தின் பக்கத்தைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பு. 'நீங்கள் செல்லவிருக்கும் தளம் ஆபத்தானது. உங்களை ஏமாற்றி உங்கள் தகவல்களைத் திருடக்கூடும்.' கீழே பெரிய பொத்தான்: 'பாதுகாப்பாகத் திரும்பிச் செல்'. வேறு கம்ப்யூட்டரில் பார்த்தார், கைபேசியில் பார்த்தார். தேடுபொறியில் கூடத்தின் பெயரைப் போட்டால் அங்கேயும் அதே எச்சரிக்கை. ஊரின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நாலு எண் எழுதிவைத்த பக்கத்தை, எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு இயந்திரம் திருடன் என்று முத்திரை குத்திவிட்டது. என்ன பார்த்துக் குத்தியது என்பதைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பூச்சிக்கொல்லிகளின் பெயர்களைப் பார்த்து மிரண்டதோ, பழைய கோப்புகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டதோ, அந்த மூளைக்கே வெளிச்சம். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

கூடத்தின் தலைவி வயதில் சின்னவர், நல்ல மாதிரி. தண்ணி சார் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். மேடம் பதறிப்போய் ஆட்களை வைத்துப் பக்கத்தைத் தலை முதல் கால் வரை சோதித்தார். ஒரு கோளாறும் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார், அவர்கள் கையை விரித்தார்கள். மீதமிருந்த ஒரே வழி, தேடுபொறிக்கே மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்புவது. அதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு கட்டம்: 'நீங்கள் கண்டறிந்து சரிசெய்த பிழையை விவரிக்கவும்.' அதை நிரப்பாமல் படிவம் நகராது.

"பிழையே இல்லையே, எதை விவரிக்கிறது?" என்றார் தண்ணி சார்.

"சார், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். சும்மா 'சரிபண்ணிட்டோம்'னு போட்டாத்தான் எடுப்பாங்களாம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்களாம்."

"என்ன சரிபண்ணினோம் மேடம்? இல்லாத ஒண்ணைக் கண்டுபிடிச்சதா நானும் நீங்களும் எழுதலாமா?"

மேடம் கீபோர்டைத் தண்ணி சார் பக்கம் நகர்த்தினார். அவரும் அதே கூடத்தில் வளர்ந்தவர்தானே. "சரி சார். உள்ளதையே எழுதுங்க" என்றார்.

தண்ணி சார் எழுதினார்: 'பிழை ஏதும் இல்லை. எல்லா எண்களும் இரண்டு முறை சரிபார்க்கப்பட்டவை.' அனுப்பிவிட்டு, பதில் அன்றைக்கே வந்துவிடும் என்பதுபோல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். படிவம் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது. வெகுநாள் கழித்து ஒரு பதில் வந்தது. 'உங்கள் தளத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என அறிகிறோம். எச்சரிக்கை தொடரும்.' கீழே கையெழுத்துக்குப் பதில் 'இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று இருந்தது. அவர் மறுபடி அனுப்பினார், இன்னும் விளக்கமாக, கூடத்தின் சரித்திரத்தையே எழுதி. அந்தக் கட்டத்தில் மட்டும் மறுபடியும் 'பிழை இல்லை' என்றே எழுதினார். மறுபடியும் அதே பதில்.

இதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. பால் பூத்தில் நாலு பேர் எதிரில் அக்கா கேட்டாள்: "என்ன தண்ணி சார், உங்க பக்கத்துக்குப் பேய் பிடிச்சிருக்காமே?"

"அது தப்பா வருதுக்கா. கீழே சின்ன எழுத்துல 'விவரம்'னு இருக்கும், அதை அழுத்துங்க. உள்ள போகலாம், ஒண்ணும் ஆகாது."

அக்கா பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாது, உள்ள வாங்கன்னு சொல்றவன்தான் திருடன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். தண்ணி சாரும் சிரித்து வைத்தார், முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னது பலித்துவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்.

பிறகு மழை வந்தது. அடித்து ஊற்றி, வயல்களைக் கரைத்து, ஓடைகளைப் பழுப்பாக்கிவிட்டு நின்றது. தண்ணி சார் சேறு தெறித்த சட்டையோடு தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் எடுத்தார். கடைசித் தெருவின் எண்ணைப் பார்த்ததும் பாட்டிலின் அடையாளச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி சோதித்தார். வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே. அந்தத் தெருவின் வரியில் கடைசியாக 'குடிக்கலாம்' என்று எழுதியிருந்தது, சிவப்பு வருவதற்கு முன்னால். தம்பி மகள் கடைசியாகப் படித்திருக்கக்கூடிய வரி அதுதான். இப்போது அவர் 'கைக்குழந்தைக்குக் கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது' என்று தட்டினார். யாருக்காகத் தட்டினார்? சிவப்புத் திரைக்குப் பின்னால் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

மேடம் அவசரமாக ஒரு அறிவிப்பை அச்சடிக்கச் சொன்னார். முடிவைத் தாளில் போடக் கூடாது என்ற உத்தரவு இருந்ததால், 'மழைக்குப் பின் கிணற்று நீரின் நிலை மாறியுள்ளது. விவரத்துக்குக் கூடத்தின் இணையப் பக்கத்தைப் பார்க்கவும்' என்று மட்டும் போட்டு, கீழே பக்கத்தின் முகவரி. "தாள்ல போடத்தான் தடை, வாயால சொல்லத் தடை இல்ல. நீங்க பெல் அடிச்சு நேர்லயே சொல்லிடுங்க சார்" என்றார் மேடம்.

அப்படியே செய்தார். வயலோரத் தெருக்களில் ஒவ்வொரு வீடாக பெல் அடித்து, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டு, கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்காதீர்கள், கேன் தண்ணீர் வாங்குங்கள் என்று சொன்னார். சிலர் சரி என்றார்கள். சிலர், சிவப்பாக வருகிறதே அதே ஆபீஸா என்று கேட்டுச் சிரித்தார்கள். சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டார்கள், அது போதும்.

கடைசியாகத் தம்பி வீடு. கேட் சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. மாடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. தண்ணி சார் பெல்லை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். கை பாதியிலேயே நின்றது. ரோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது பயம். தம்பி கதவைத் திறந்து, அவரைப் பார்த்து, பேசாமல் சாத்திவிட்டால் அதைத் தாங்கிக்கொண்டு அந்தக் காலி வீட்டுக்குத் திரும்பிப் போக அவரால் முடியாது. தாளின் ஓரத்தில் கையாலேயே 'குழந்தைக்குக் கொடுக்காதே' என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தார். பழைய புகாரும் தெருவில் வாங்கிய பேச்சும் ஞாபகம் வந்தன. பேனா பைக்குள் போனது. படித்த பெண்தானே, அந்தச் சின்ன எழுத்தைக் கண்டுபிடித்து உள்ளே போய்ப் பார்த்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சோதிக்காத முடிவை அவர் எடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். தாளை கேட்டில் இருந்த தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அடுத்த வாரம் ஒரு காலை, கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தண்ணி சார்தான் எடுத்தார். டாக்டரம்மா பேசினார், குரலில் அவசரம்.

"ஒரு கைக்குழந்தை வந்திருக்கு சார். உடம்பெல்லாம் நீலம். ராத்திரியிலிருந்து இதயக் கோளாறுன்னு நெனச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தோம். இப்ப ரத்தம் எடுத்தா பழுப்பா இருக்கு. தண்ணியா இருக்குமோன்னு சந்தேகம். உங்க பக்கத்தைத் திறக்கலாம்னா எங்க கம்ப்யூட்டர் விடவே மாட்டேங்குது. கடைசித் தெருவுல நைட்ரேட் எவ்வளவு?"

அவர் எண்ணைச் சொன்னார். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்ப அதுதான். இதுக்கு ஊசி பெரிய ஆஸ்பத்திரியில இருந்துதான் வரணும், உடனே சொல்லி அனுப்புறேன்."

"அம்மா, எந்த வீட்டுக் குழந்தை?"

"வயலை ஒட்டின மாடி வீடாம்."

அவர் போனை வைத்தாரா, தொங்கவிட்டாரா என்று மேடத்துக்குத் தெரியாது. ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம்தான் கேட்டது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தம்பி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தம்பி மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து, சின்னப் பிள்ளைபோல் ஒப்பித்தாள்.

"சீட்டைப் பார்த்தேன் பெரியப்பா. முகவரியைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பா வந்துச்சு. யாரோ உங்க ஆபீஸ் பேர்ல ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன். நீங்க கிளாஸ்ல சொன்ன மாதிரி உடனே திரும்பிட்டேன். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு அன்னியிலேருந்து தண்ணியை நல்லா, ரொம்ப நேரம் கொதிக்க வெச்சேன் பெரியப்பா. நான் சரியாத்தானே செஞ்சேன்?"

சரியாகத்தான் செய்திருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் செய்திருந்தாள். தண்ணி சார் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஊசி மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே குழந்தை போய்விட்டது.

கொஞ்ச நாள் அவர் கூடத்துக்கு வரவில்லை. வந்த அன்று யாரிடமும் பேசாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் திறந்தார். 'நீங்கள் கண்டறிந்து சரிசெய்த பிழையை விவரிக்கவும்.' கண்ணால் பார்க்காத ஒன்றை முதல்தடவையாகக் கையால் எழுதினார்: 'தவறு நேர்ந்துவிட்டது. கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம்.' மறுநாள் காலை பக்கத்தைத் திறந்தபோது சிவப்பு இல்லை. தெருக்களின் பெயர்களும் எண்களும் ஒன்றுமே நடக்காததுபோல் வரிசையாக நின்றன. மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது: 'பிழையைச் சரிசெய்ததற்கு நன்றி.'

மேடம் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே போட்டிருக்கலாமே சார். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்று அழுதார். தண்ணி சார் அழவில்லை. அவருக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் படிவத்திலேயே அந்தப் பொய்யை எழுதியிருந்தால் மழைக்கு முன்பே சிவப்பு போயிருக்கும். அந்தப் பெண் வழக்கம்போல் பக்கத்தைப் பார்த்திருப்பாள். குழந்தை இருந்திருக்கும். எத்தனை முறை சரிபார்த்தாலும் இதே விடைதான் வந்தது. அதைத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் போனார். இந்தத் தடவை பெல் அடித்தார். தம்பி வந்து திறந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தண்ணி சார் கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். இயந்திரம் குத்திய முத்திரை, படிவத்தில் இருந்த கட்டம், தான் பொய் எழுத மாட்டேன் என்று நின்றது, நேற்று எழுதியது, இன்று சிவப்பு போனது.

"ஒரு வரிடா. ஒரே ஒரு பொய். முதல்லயே எழுதித் தொலைச்சிருந்தா இது நடந்திருக்காது. எல்லாம் என்னாலதான்."

தம்பி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். படிவமும் கட்டமும் அவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தச் சீட்டைப் போட வந்தது அன்னிக்கு மழை விட்ட சாயங்காலம்தானே?"

"ஆமா."

"நீ இங்க வந்து நின்னதை ஜன்னல்ல இருந்து பார்த்தேன். அண்ணன் பெல் அடிச்சா நாமளே போய்த் திறக்கணும்னு எழுந்து நின்னேன். சட்டையைக்கூட மாட்டிட்டேன். நீ அடிக்கவே இல்லையேண்ணா."